நாலாவது முழுக்கு

"எத்தனை முழுக்கு?"

முழங்காலளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, கடலுக்குள் இறங்கும் ஒவ்வொருவரையும் மறித்து இதைக் கேட்பார் அப்துல் குத்தூஸ். கேட்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். வேட்டிக் கரையையோ சேலையின் நிறத்தையோதான் பார்ப்பார். "மூணு" என்று பதில் வந்தால் தலையை ஆட்டி விட்டுவிடுவார். "அஞ்சு" என்றால் விட மாட்டார். "மூணு யாருக்கு, மிச்சம் ரெண்டு யாருக்கு?" என்பார். செத்துப்போன அப்பாவுக்கு மூன்று, சிங்கப்பூரில் இருந்து வர முடியாத தம்பி பேரில் ஒன்று, கால் ஒடிந்து வீட்டில் கிடக்கும் அக்கா பேரில் ஒன்று என்று விவரம் சொல்லியாக வேண்டும். சொன்னதும், "சரி, பச்சைக்கரை வேட்டி அஞ்சு" என்று தனக்குள் முனகிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

முதல் தடவை என்னிடம் கேட்டபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பாவுக்குத் திதி கொடுக்க சேதுக்கரைக்குப் போயிருந்தேன். சாயம் போன ஆரஞ்சு பனியனும் கழுத்தில் விசிலுமாக ஒரு ஆள் வழியை மறித்தால் என்ன நினைப்பது? முழுக்குக்கு இவ்வளவு என்று டிக்கெட் போட ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். "எத்தனை போட்டா உங்களுக்கு என்ன?" என்றேன். அவர் முகம் மாறவில்லை.

"தெரிஞ்சாத்தான சார், உங்களத் தூக்கவா வேணாமான்னு நான் முடிவு பண்ண முடியும்."

நான் நீச்சல் தெரியாதவன். மரியாதையாக "மூணு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். மூன்றாவது முழுக்கு முடிந்து எழுந்தபோது அவர் பார்வை என்னை விட்டு நகர்ந்து அடுத்தவரிடம் போனதைப் பார்த்தேன். அதுவரை அந்தக் கண்கள் என் மேல்தான் இருந்திருக்கின்றன.

குத்தூஸ் பாய்க்குச் சேதுக்கரைத் துறையில் ஒப்பந்த உத்தியோகம். உயிர்காப்பாளர் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கிறது. ஊரில் 'லைஃப் கார்டு பாய்' என்கிறார்கள். உடன் இர்பான் என்று ஒருவர் இருக்கிறார், முப்பது வயது, தோளும் மார்புமாகப் பார்க்கவே தெம்பாக இருப்பார். குத்தூஸ் பாயைப் பார்த்தால் அப்படி ஒன்றும் தோன்றாது. நாற்பத்தெட்டு வயது, குட்டையான உருவம், பனியனை மீறித் தெரியும் கொஞ்சம் தொந்தி. இரண்டு காதிலும் எப்போதும் பஞ்சு. அவரிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். தண்ணீரில் இருபது வருஷம் கிடந்ததில் காது கொஞ்சம் போய்விட்டது. "காது எதுக்கு சார், கண்ணு இருக்குல்ல" என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்.

அதில் விஷயம் இருக்கிறது. தண்ணீரில் மாட்டிக்கொண்டவன் கையை ஆட்டுவான், காப்பாற்றுங்கள் என்று அலறுவான் என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குத்தூஸ் பாயிடம் சொன்னால் சிரிப்பார். "முங்குறவன் கத்த மாட்டான் சார். கத்துறதுக்கு மூச்சு வேணும்ல. சத்தமே இல்லாம உள்ள போவான், வருவான், மறுபடி போவான். பாக்க முழுக்குப் போடுற மாதிரியேதான் இருக்கும்."

அவருடைய தொழிலின் கஷ்டம் மொத்தமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. மற்றக் கடற்கரைகளில் தலை தண்ணீருக்குள் போனாலே பாய்ந்துவிடலாம். இங்கே வருகிறவர்கள் அத்தனை பேரும் தலையைத் தண்ணீருக்குள் விடத்தான் வருகிறார்கள். அமாவாசையன்று ஒரே நேரத்தில் முப்பது நாற்பது பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகி எழுவார்கள். இதில் எவன் பக்தியில் முழுகுகிறான், எவன் மூச்சு முட்டி முழுகுகிறான் என்று நின்ற இடத்திலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். எண்ணுவதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை. சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒரு தலை உள்ளே போனால் அவர் யோசிக்க மாட்டார். அடுத்த நொடி தண்ணீருக்குள் இருப்பார்.

ஒரு நேரத்தில் நாற்பது பேர் வரைக்கும் மனசில் வைத்துக்கொள்கிறார். அதற்கு மேல் போனால் விசிலை ஊதிக் கயிற்றுக்குப் பின்னால் கூட்டத்தை நிறுத்திவிடுவார். பெரிய மனிதர், சின்ன மனிதர் என்ற பேதம் கிடையாது. காரில் வந்து இறங்கிய ஒருவர் நான் யார் தெரியுமா என்று ஆரம்பித்தபோது, "நீங்க வெள்ள வேட்டி மூணு" என்று சொல்லி உட்கார வைத்ததை நானே பார்த்தேன்.

கீழக்கரைக்காரர். வாப்பா காலம் வரைக்கும் தோணி வியாபாரம். இவர் பங்குக்குச் சார்ஜா போய், ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்தில் பதினோரு வருஷம் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "அங்க அடியில ஊசி கெடந்தாலும் தெரியும் சார். பதினோரு வருசத்துல நான் தூக்குனது ரெண்டு பேரு, ஒரு பூன." சேதுக்கரைக்கு வந்த முதல் வருஷமே பத்தொன்பது பேர். மொத்தம் இதுவரை எத்தனை என்று கேட்டால் மட்டும் இந்த எண்ணுகிற மனிதருக்கு எண்ணிக்கை மறந்துவிடும். "அது எதுக்கு" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

அதிகாலைத் தொழுகை முடிந்ததும் பைக்கில் வந்துவிடுகிறார். முதல் வேலை கடலைச் சுத்தம் பண்ணுவது. திதி கொடுத்துவிட்டு உடுத்தியிருந்த துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போகிற பழக்கம் இங்கே உண்டு. பாவம் துணியோடு போய்விடுகிறது என்று ஒரு நம்பிக்கை. துணி எங்கேயும் போவதில்லை. அடியில் மணலில் பாதி புதைந்து, மீதி அலையோடு ஆடிக்கொண்டு கிடக்கும். அடுத்து வருகிறவன் காலை அதற்குள் விட்டால் ஒரு சேலை போதும், சுற்றிக்கொள்ளும். இவரும் இர்பானும் கொக்கி மாட்டிய நீளக் கம்போடு முழங்கால் தண்ணீர், இடுப்புத் தண்ணீர், கழுத்துத் தண்ணீர் என்று துழாவிக்கொண்டே போவார்கள். சாதாரண நாளில் இரண்டு மூட்டை. அமாவாசைக்கு மறுநாள் பன்னிரண்டு மூட்டை வரை வரும். இந்த வேலை அவருடைய ஒப்பந்தத்தில் கிடையாது.

காலையில் இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிட மாட்டார். வயிறு நிறைந்தால் மூச்சு குறையுமாம். நோன்பு மாதத்தில் அதுவும் இல்லை. ஒரு ரமலானில் நடுப்பகலில் ஒரு கல்லூரிப் பையனை இழுத்து வந்தபோது இவருக்கு இரண்டு வாய் உப்புத்தண்ணீர் உள்ளே போய்விட்டது. நோன்பு முறிந்துபோச்சே என்று இர்பான் வருத்தப்பட, இவர் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாராம்: "நோன்ப இன்னொரு நாளு களா வச்சுக்கலாம்டா. உசுர இன்னொரு நாளைக்கு வச்சுக்க முடியுமா?" விட்டுப்போன நோன்பைப் பிற்பாடு பிடித்துச் சரிக்கட்டுவதைத்தான் களா என்கிறார்கள். அவர் கணக்கில் அப்படி ஏழெட்டு நோன்பு வருஷா வருஷம் பாக்கி நிற்கிறது.

வீட்டிலும் இந்தப் புத்தி விடுவதில்லை என்று அவர் மனைவி சுலைகா சிரிக்கிறார். "எம்மக மர்வா தலைக்கு ஊத்திக்கிட்டு இருந்தா, வெளிய நின்னு செம்ப எண்ணுவாக. சத்தம் நின்னா கதவத் தட்டுவாக. அவளுக்கு இப்பப் பத்தொம்பது வயசு." சிரித்துக்கொண்டிருந்தவர் கொஞ்சம் நிறுத்தி, "மூணு வருசமாத்தான் இப்படி" என்றார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் யாரையும் எதுவும் கேட்டதில்லை. மூன்று முழுக்குதான் வழக்கம் என்பதால் எல்லோருக்கும் மூன்று என்று வைத்துக்கொண்டு எண்ணுவார். நாலாவது தடவை தலை போனால் பாய்வார். அந்த வருஷம் சித்திரையில் ஒரு பட்டணத்து அம்மா நாலாவது தடவை உள்ளே போனார். இவர் பாய்ந்து, தொழிலில் சொல்லிக்கொடுத்தபடி தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார். அந்த அம்மா வெளிநாட்டில் இருக்கும் தங்கைக்காக ஒரு முழுக்கு அதிகம் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். பெரிய ரகளையாகிவிட்டது. கைபேசியில் படம், மேலிடத்துக்குப் புகார், மன்னிப்புக் கடிதம். இன்னொரு புகார் வந்தால் வேலை இருக்காது என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார்கள். "அவுக மேல தப்பில்ல சார்" என்கிறார் குத்தூஸ் பாய். "முடியப் புடிச்சு இழுத்தா யாருக்குத்தான் கோவம் வராது?"

மூன்று மாதத்தில் ஆடி அமாவாசை வந்தது. ஆடியில் தெற்குக் கடல் நல்ல கடல் இல்லை. கச்சான் என்கிற மேற்குக் காற்று அடித்து, கரையிலிருந்து நாற்பதடியில் பள்ளம் பறித்து வைத்துவிடும். முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பிரபாகரன் என்று இருபத்து நான்கு வயதுப் பையன் அப்பாவின் முதல் வருஷத் திதிக்குத் தனியாக வந்திருந்தான். மூன்று முழுக்குப் போட்டான். நாலாவது உள்ளே போனான்.

இதைச் சொல்லும்போது மட்டும் குத்தூஸ் பாய் கடலைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"யாருக்கோ சேத்துப் போடுறான்னு நெனச்சேன் சார். ஒண்ணு எண்ணுனேன். வரல. ரெண்டு. மூணு. அந்தப் பொம்பளையோட மொகம் வந்துச்சு, கடுதாசி வந்துச்சு. நாலுலதான் பாஞ்சேன். எடத்துல ஆளு இல்ல."

முக்கால் மணி நேரம் கழித்துக் கிழக்கே தள்ளிப் பிணமாகக் கிடைத்தான். வலது காலில் யாரோ விட்டுப்போன சேலை இரண்டு சுற்று சுற்றியிருந்தது.

போலீஸிலிருந்து விசாரித்து எழுத வந்தவர் நல்லவர்தான் போலிருக்கிறது. அலை திடீரென்று இழுத்துவிட்டது என்று எழுதிக்கொள்கிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்றாராம். இவர் மாட்டேன் என்றார். நாலு எண்ணுகிற நேரம் தயங்கி நின்றேன் என்று எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லி, அப்படியே எழுத வைத்தார். பத்து மாதம் வேலை போயிற்று. இவருக்குப் பதிலாக வந்த ஆள் அடுத்த கச்சானில் ஓடிப்போனதால் மறுபடி கூப்பிட்டார்கள். வந்தவர், தண்ணீரில் இறங்கி நின்று, எத்தனை முழுக்கு என்று கேட்க ஆரம்பித்தார். விடியற்காலைத் துணிமூட்டை வேலையும் அன்று தொடங்கியதுதான்.

அவரைக் குறை சொல்ல நான் ஆளில்லை. அந்த நிலையில் நான் இருந்திருந்தால் அலை இழுத்துவிட்டது என்று எழுதிய தாளில் நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பேன். இதை எழுதும்போது வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

இந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு நான்கு நாள் முன்பு துறையின் பலகையில் இருக்கும் எண்ணுக்கு ஒரு அழைப்பு வந்தது. இர்பான்தான் எடுத்தார். பிரபாகரனின் அம்மா பூமயில் வருகிறாராம். மூன்று வருஷமாகக் கடல் பக்கமே வராதவர், மகனுக்காக முழுக வருகிறார். அன்றைக்கு அங்கே நின்ற ஆளைப் பார்க்க வேண்டும் என்கிறாராம்.

அன்றைக்கு மட்டும் லீவு போட்டுவிடுங்கள் என்று சுலைகா மன்றாடியிருக்கிறார். இர்பானும் சொல்லிப் பார்த்தார். "வார தாய்க்கு நான் ஒளியவா?" என்றாராம் இவர். அந்த நான்கு நாளும் அவர் சரியாகத் தூங்கவில்லை. செய்தி தெரிந்து, கூப்பிடாமலே நானும் போய்ச் சேர்ந்தேன். பத்திரிகைக்காரன் புத்தி என்று வைத்துக்கொள்ளலாம். அவர் தனியாக இருக்க வேண்டாமே என்று தோன்றியதும் உண்மைதான்.

நல்ல காற்று. கயிறு கட்டி, சிவப்புக் கொடி நட்டு, இருபது பேர் இருபது பேராக விட்டுக்கொண்டிருந்தார்கள். பதினோரு மணி வாக்கில் நீலச்சேலை கட்டிய ஓர் அம்மா மணலில் இறங்கி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், வெயிலில் வேலை செய்த உடம்பு. தோளைத் தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அண்ணன் மகள் கவிப்ரியா. அண்ணன் கரையில் திதிக்கு உட்கார்ந்துவிட்டார். குத்தூஸ் பாய்க்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு ஆஸ்பத்திரி வாசலில் அந்த அம்மாவைத் தூரத்தில் நின்று பார்த்தவர்தான்.

முழங்கால் தண்ணீரில் அவர் எதிரே வந்து நின்றார் பூமயில். குத்தூஸ் பாய் எல்லோரிடமும் கேட்பதைக் கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அம்மாதான் கேட்டார்.

"எண்ணுறவரு நீங்கதானா?"

"ஆமாத்தா."

"அன்னைக்கும் எண்ணுனீகளா?"

"எண்ணுனேன்."

"எம்புள்ள எத்தன போட்டான்?"

"நாலு ஆத்தா. நாலாவதுல எந்திரிக்கல. நான் ஒடனே பாயல. யாருக்கோ போடுறாருன்னு நெனச்சு நின்னுட்டேன்."

கவிப்ரியாவின் முகம் இறுகிவிட்டது. அவள் ஏதோ சொல்ல வர, பூமயில் கையால் தடுத்தார்.

"தெரியும். எழுதுனத வாசிச்சுக் காட்டுனாக. நான் கேக்குறது அது இல்ல. அவுக அய்யாவுக்குப் போட வேண்டிய மூணும் முடிச்சானா?"

"முடிச்சாரு ஆத்தா. மூணுக்கும் நல்லா எந்திரிச்சாரு. மூணாவதுக்கு அப்புறம் சூரியனப் பாத்து ஒரு கும்புடு போட்டாரு. அதுக்கப்புறந்தான் நாலாவது."

பூமயில் தலையை ஆட்டினார். மறுபடி மறுபடி ஆட்டிக்கொண்டே இருந்தார். அலை ஒன்று வந்து சேலையை இடுப்பு வரை நனைத்துவிட்டுப் போனது.

"நாலாவது எனக்குப் போட்டது" என்றார். "எனக்கு அன்னைக்குக் காச்ச. வர முடியல. எம் பேருக்கும் ஒரு முழுக்குப் போட்டுட்டு வாடான்னு நாந்தான் சொல்லிவிட்டேன்."

"அத்த" என்றாள் கவிப்ரியா. அவளுக்கே இது இப்போதுதான் தெரிகிறது என்று அந்தக் குரலில் தெரிந்தது.

"மூணு வருசமா ஒருத்தருக்கிட்டயும் சொல்லல. இவருகிட்டச் சொல்லணும்னு வந்தேன். நீங்க நெனச்சது சரிதான் பாய். அவன் போட்டது முழுக்குத்தான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. சுற்றி நூறு பேர் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, இந்த இரண்டு பேர் மட்டும் தனியாக நிற்பது போல இருந்தது.

"கால்ல சேல சுத்திருச்சு ஆத்தா. அதான் எந்திரிக்க முடியல. நீங்க சொன்னதுனால இல்ல" என்றார் குத்தூஸ் பாய் கடைசியில்.

பூமயில் கடலைப் பார்த்தார். "எனக்குத் தண்ணின்னா பயம். கையப் புடிச்சுக்கிறீகளா?"

அவர் கையை நீட்டினார். அந்த அம்மா மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். மெதுவாக இடுப்புத் தண்ணீருக்கு நடத்திக் கூட்டிப்போய், அலைக்கும் அவருக்கும் நடுவில் தான் நின்றுகொண்டு, அப்புறம்தான் குத்தூஸ் பாய் கேட்டார்.

"எத்தன ஆத்தா?"

"நாலு."

நாலாவது யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதுக்கு அந்த அம்மா உள்ளே போனதும் குத்தூஸ் பாய் இன்னொரு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தலை மேலே வந்தது. நரைமுடி முகத்தில் ஒட்டியிருக்க, மூச்சு வாங்கிக்கொண்டு, இருமிக்கொண்டு எழுந்து நின்றார் பூமயில்.

இர்பான் நகர்ந்து போய்க் குத்தூஸ் பாய் நின்ற இடத்தில் நின்றுகொண்டார். இவர்கள் இரண்டு பேரும் கரையைப் பார்த்து நடந்தார்கள். இடுப்புத் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, கணுக்காலுக்கு வந்தது. கவிப்ரியா துண்டோடு ஓடி வந்து அத்தையின் தோளில் போர்த்தினாள். ஈர மணல் முடிந்து, வெயிலில் சுடுகிற காய்ந்த மணலுக்கு வந்த பிறகும் குத்தூஸ் பாய் அந்தக் கையை விடவில்லை.